கோரைப் பனி

டிசம்பர் பிறந்துவிட்டால் காலை நான்கரைக்கு எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, சமையலறை ஜன்னல் திரையை விலக்கி எதிர்வீட்டுத் தபால் பெட்டி தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் நிதானமாகக் காபி போடலாம். தெரியாவிட்டால் காபியை மூடிபோட்ட குவளையில் ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். இருபத்தெட்டு வருடப் பழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கை தானாகத் திரைக்குப் போகிறது. தபால் பெட்டி தெரிகிறது. பெரும்பாலான நாட்களில் அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்கூடத் தெரிகிறது. அதைப் பார்த்ததும் மனதுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம். "வருஷா வருஷம் திட்டினாயே, இப்போது என்ன?" என்று என் கணவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ. கலிஃபோர்னியா என்றதும் ஊரில் எல்லோரும் கடற்கரை, ஹாலிவுட், கோல்டன் கேட் பாலம் என்று ஆரம்பிப்பார்கள். எங்களுக்கு அதில் எதுவும் கிடையாது. கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடர், மேற்கே கடலோரக் குன்றுகள், நடுவே 700 கிலோமீட்டர் நீளத்துக்குத் தாம்பாளம்போல் தட்டையான பள்ளத்தாக்கு. திராட்சை, பாதாம், பிஸ்தா, ஆரஞ்சு, பருத்தி, கறவை மாடுகள். கோடையில் 40 டிகிரி என்பது சாதாரண நாள். குளிர்காலத்தில் அதே தாம்பாளத்தில் பால் ஊற்றி வைத்தாற்போல் மூடுபனி தேங்கி நிற்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் சுற்றுலா வந்தவர்கள் படமெடுக்கிற பனி வேறு. அது கோடையில் கடலிலிருந்து மிதந்து வரும், விருந்தாளிபோல் திரும்பிப் போகும். எங்களுடையது மண்ணில் பிறப்பது. நவம்பரில் முதல் நல்ல மழை பெய்து நிலம் நனையும். மழை விட்டதும் வானம் பளிச்சென்று தெளியும், காற்று அடங்கும். அந்த நீண்ட இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, தாங்கிக்கொண்டிருந்த ஈரத்தைத் துளியாக விட்டுவிடும். மலைச்சரிவுகளில் இறங்கும் குளிர்காற்றும் கீழே வந்து தங்கும். மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு தட்டுபோல் உட்கார்ந்துகொள்ளும். பானைக்கு மூடி போட்டாயிற்று. அடுத்த மழைக்காற்று வந்து அந்த மூடியைத் தூக்கும்வரை நாள்கணக்கில், சில வருடங்களில் வாரக்கணக்கில், சூரியன் என்ற ஒன்று இருந்ததே மறந்துவிடும்.

இதற்கு இங்கே 'டூலி' பனி என்று பெயர். டூலி என்பது சதுப்பில் வளரும் ஒரு புல். பெயர் மெக்சிகோவின் பழைய நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது. வந்த புதிதில் எனக்கு இது வெறும் பெயர்தான். நாலைந்து வருடம் கழித்து லாஸ் பானோஸ் பக்கத்தில் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தோம். தண்ணீர் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பச்சையாக அடர்ந்து நின்றது. பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. "இது கோரை!" என்றேன். என் ஊர் முசிறிக்குப் பக்கம். காவிரிக்கரையில் கோரைக்காடுகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். அறுத்து, கிழித்து, காயவைத்து, பாய் நெய்கிற வீடுகள் எங்கள் தெருவில் இருந்தன. ஒரு தண்டை ஒடித்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். உள்ளே அதே பஞ்சுபோன்ற வெள்ளை. ஊர்க் கோரையின் தண்டு முக்கோணம், இது உருண்டை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் ஒரே குடும்பம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான யோக்குட்ஸ் மக்களும் இதில் பாய் நெய்திருக்கிறார்கள், படகுகூடக் கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய டுலாரே ஏரி ஒருகாலத்தில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரியாக இருந்தது. ஆறுகளைத் திருப்பி, ஏரியை வற்றவைத்து, அடியில் பருத்தியும் தக்காளியும் போட்டார்கள். 2023 வெள்ளத்தில் ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு ஒருமுறை திரும்பி வந்து, சில மாதங்கள் இருந்துவிட்டுப் போயிற்று. சரணாலயத்தில் கோரையைப் பார்த்த அந்த நாள் முதல் எங்கள் வீட்டில் டூலி பனிக்குக் கோரைப் பனி என்றுதான் பெயர்.

நான் வேலை பார்த்தது செல்மாவுக்குத் தெற்கே, உலர்திராட்சை சுத்தம் செய்து பெட்டியில் அடைக்கிற ஆலையில், பரிசோதனைக் கூடத்தில். திராட்சையின் ஈரப்பதத்தை அளப்பது என் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். வீட்டிலிருந்து 99-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருபத்தைந்து நிமிடம். இறங்க வேண்டிய இடத்துக்குப் பெயர் மவுண்டன் வியூ அவென்யூ. மலைக்காட்சிச் சாலை! குளிர்காலத்தில் அங்கே மலை இருக்கட்டும், பெயர்ப்பலகையே தெரியாது.

1996 டிசம்பர். லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். கணவர் இரவுப்பணியில் இருந்தார். தபால் பெட்டி பரிசோதனையெல்லாம் அப்போது தெரியாது. கிளம்பிவிட்டேன். நெடுஞ்சாலையில் ஏறிய இரண்டாவது நிமிடம் உலகம் காணாமல் போனது. இருட்டென்றால் இருட்டு, அதில் விளக்குப் போட்டால் தெரியும். இது வெள்ளை. முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டேன். எதிரே சுவர் எழும்பியதுபோல் வெளிச்சம் முழுவதும் என் முகத்துக்கே திரும்பி அடித்தது. எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று உடம்புக்குத் தெரியவில்லை. ஓடுகிற மரமோ கம்பமோ இருந்தால்தானே வேகம் தெரியும்? முள் 50 மைல் காட்டியது. எனக்கோ நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. பயந்து 20-க்குக் குறைத்தேன். உடனே, பின்னால் வருகிறவன் 60-இல் வந்தால் என்ன ஆகும் என்ற பயம். இந்தப் பனியில் ஓட்டுவது என்றால் இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் ஓட்டுவது.

அப்போதுதான் கடவுள் அனுப்பியதுபோல் முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள். ஒரு லாரி. விடவே இல்லை. அது வேகமெடுத்தால் நானும், அது குறைத்தால் நானும். பத்து நிமிடமோ அரை மணியோ, கணக்கில்லை. லாரி வலதுபுறம் திரும்பியது, நானும் திரும்பினேன். சக்கரத்தடியில் தார் போய்ச் சரளைக்கல் சத்தம் கேட்டது. லாரி நின்றது, நானும் நின்றேன். கண்ணாடியை இறக்கினேன். முதலில் வந்தது சாண வாசனை. அடுத்து ஒரு மாடு, மிகப் பக்கத்தில், "ம்மா" என்றது. பால் எடுக்க வந்த டேங்கர் லாரி அது. ஆலையைத் தாண்டி ஆறேழு மைல் தள்ளி யாருடைய பால் பண்ணைக்குள்ளோ போய் நின்றிருக்கிறேன். டிரைவர் டார்ச்சோடு இறங்கி வந்து, கார் ஜன்னலில் ஒரு இந்தியப் பெண் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, "நெப்லினா, நெப்லினா" என்று சிரித்தார். ஸ்பானிஷில் மூடுபனி. நான் கற்றுக்கொண்ட முதல் ஸ்பானிஷ் சொல்.

ஆலையில் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த மெக்சிகோ அம்மாள்தான் எனக்கு உண்மையான ஓட்டுநர் பள்ளி. என் பால்பண்ணைக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார். விளக்கைத் தாழ்த்தித்தான் போட வேண்டும். முன்னால் போகிறவனின் வாலைப் பிடிக்கக் கூடாது. அவன் பள்ளத்தில் விழுந்தால் நீயும் விழுவாய். சாலையின் வலது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் போ. ரேடியோவை அணை. கிராமச் சாலைகளில் குறுக்குச் சாலை வந்தால் நின்று, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேள். ரயில்பாதை வந்தாலும் அப்படித்தான். கண் வேலை செய்யாத இடத்தில் காது வேலை செய்யும்.

அது உண்மை என்பதை அனுபவித்தால்தான் தெரியும். விடியற்காலை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நாற்சந்தி. ஸ்டாப் பலகையின் சிவப்பு பத்தடி தூரத்தில்தான் தெரியும். கண்ணாடியை இறக்கியதும் பனி உள்ளே வரும். ஸ்வெட்டர் கையெல்லாம் மாவு தெளித்தாற்போல் பொடிப்பொடியாக நீர் கோத்துக்கொள்ளும். முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு கொடிக்கம்பியிலிருந்து சொட்டுவது கேட்கும். தூரத்தில் நாய். அதற்கும் அப்பால், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழுமே, அந்த மாதிரி ஒரு சீறல்: ஈரத்தாரில் சக்கரம். அது கிழக்கிலா மேற்கிலா, வருகிறதா போகிறதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.

நெடுஞ்சாலையில் காதுக்கு இன்னொரு துணை இருந்தது. தடங்களுக்கு நடுவே சாலையில் பதித்த, கவிழ்த்த கிண்ணம்போன்ற வெள்ளைப் பீங்கான் குமிழ்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையில் இருந்த எல்பர்ட் பாட்ஸ் என்ற வேதியியலாளரின் வேலையில் பிறந்தவை; அவர் பெயரிலேயே பாட்ஸ் டாட்ஸ் என்பார்கள். தடம் மாறினால் சக்கரத்தடியில் தடதட என்று தட்டும். பனியில் நான் வேண்டுமென்றே இடது சக்கரத்தை அவ்வப்போது அதில் உரசவிட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன். பார்வையற்றவர் கைத்தடியால் தட்டிக்கொண்டு போவதுபோல. எதிர்த்திசைச் சாலைக்கும் எங்களுக்கும் நடுவே மைல்கணக்கில் அரளிச் செடி. ஆமாம், நம் ஊர் நெடுஞ்சாலைகளின் நடுவில் நிற்கிற அதே அரளி. பனியில் அதன் நுனிக்கிளை ஒன்று திடீரென்று கண்ணுக்குத் தெரிந்தால் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டோம் என்று பொருள்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று போனில் அம்மா சொல்வார். ஊரில் மார்கழி விடியலில் ஆற்றின் மேல் முழ உயரத்துக்கு நிற்கிற பனிதான் அவருக்குத் தெரிந்த பனி. "கோலம் போட்டு முடிப்பதற்குள் கலைந்துவிடுமே கண்ணு, அதற்கா இவ்வளவு பயம்?" என்பார். பன்னிரண்டு நாளாக வெயிலே பார்க்கவில்லை அம்மா என்றால் நம்ப மாட்டார்.

சில காலைகளில் நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் வண்டி ஒன்று முன்னால் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெதுவாகப் போக, பின்னால் ஊர்வலம்போல் நாங்கள் எல்லோரும் போவோம். தேருக்குப் பின்னால் போவதுபோல் இருக்கும். குழந்தைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். பனி அதிகமென்றால் பள்ளி பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். அதற்குத் திட்டம் ஏ, திட்டம் பி என்று பெயர்கள், காலை ஐந்தரைக்கு டிவியில் வரிசையாக ஓடும். என் மகன் போர்வைக்குள்ளிருந்தே "ஏயா பியா?" என்று கத்துவான்.

2007 நவம்பர் 3. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். கணவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஃபிரெஸ்னோவுக்குத் தெற்கே 99-இல் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். சனிக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன்; வாரநாள் காலையில் நான் போகிற வழி அது. அன்றைய ஈடு முறுக்கு கரிந்துபோனது. அதன் பிறகு அந்த இடத்தில் கண்காணிப்புக் கருவிகளும், எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லும் மின்பலகைகளும் வைத்தார்கள். அதனால் இந்தப் பனியைப் பற்றி நான் ஏக்கத்தோடு எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஆளைக் கொன்றது. ஒவ்வொரு குளிர்காலமும் கொன்றது.

ஆனால் ஒரு காலையை மறக்க முடியவில்லை. தை மாதம், பொங்கலுக்கு மறுநாள், லிவர்மோர் கோவிலுக்குக் கிளம்பினோம். இங்கிருந்து இரண்டரை மணி நேரம். மதேராவுக்கு அருகே சாலை நடுவில் ஒரு பனைவகை மரமும் ஒரு தேவதாருவும் அப்போது பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கலிஃபோர்னியாவின் தெற்கும் வடக்கும் சந்திக்கிற இடத்துக்கு அடையாளம் என்பார்கள். தேவதாரு நம் இமயமலை மரம்! அன்று இரண்டுமே தெரியவில்லை. மெர்சட், மொடெஸ்டோ, மன்டீகா எல்லாம் வெறும் பலகைகளாக வந்து போயின. மகன் பின்னால் தூங்கிவிட்டான். கணவர் ஓட்ட, நான் வலப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து "சரி… சரி… கொஞ்சம் இடது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்று மணி நேரம் நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே சண்டையில்லாமல் நான் சொன்னதை அவர் கேட்ட நீண்ட நேரம் அதுதான். ஆல்டமான்ட் கணவாயில் வண்டி ஏறத் தொடங்கியது. வெள்ளை மெல்ல மஞ்சளானது, மஞ்சள் பொன்னானது, சட்டென்று தலை வெளியே வந்தது. நீல வானம். குன்றுகள் மேல் நூற்றுக்கணக்கான காற்றாலைகள். ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் வந்த பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளைச் சமவெளியாகக் கிடந்தது, எதிர்முனையில் சியராவின் பனிச்சிகரங்கள் மட்டும் கோடுபோல். அதற்குள்ளேயா இருந்தோம் என்று இருந்தது. மகன் விழித்து, "அம்மா, நம் வீடு எங்கே?" என்று கேட்டான். கையைக் காட்ட ஒரு இடமும் இல்லை.

எப்போது குறையத் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. வராத ஒன்றை யார் தேதி போட்டுக் குறித்துவைப்பார்கள்? காபியை வீட்டிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகிற நாட்கள் கூடின. டிவியில் திட்டம் ஏ, பி ஓடுவது அரிதாயிற்று. 2014-இல் செய்தித்தாளில் படித்தேன்: பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பால்டோக்கியும் அவருடைய சகாவும் 32 குளிர்காலங்களின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, இந்தப் பள்ளத்தாக்கில் பனி நாட்கள் 46 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கண்டிருக்கிறார்கள். பால்டோக்கியின் அப்பாவே பாதாமும் வால்நட்டும் வளர்த்தவராம். கட்டுரையில் பாதி மரங்களைப் பற்றித்தான் இருந்தது.

மரங்களைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தவர் கெர்மன் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒரு பஞ்சாபிப் பெரியவர். முன்பு எங்கள் ஆலைக்குத் திராட்சை போட்டவர்; விலை கட்டுப்படியாகாமல் கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் பிஸ்தாவுக்கு மாறினார். நான் அவரைப் பாயி சாகிப் என்பேன், அவர் என்னைப் பெஹன் ஜி என்பார். "உனக்குப் பனி வேண்டாம், என் மரத்துக்கு வேண்டும்" என்பார். பிஸ்தா, செர்ரி, பாதாம் எல்லாவற்றுக்கும் குளிர்காலத்தில் உறக்கம் வேண்டும். உறைநிலைக்கும் 7 டிகிரிக்கும் இடையே இத்தனை நூறு மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. பனி மூடியிருந்தால் பகலிலும் மொட்டு குளிர்ந்தே இருக்கும். வெயில் நேராக அடித்தால் காற்று குளிர்ந்திருந்தாலும் மொட்டு சூடாகிவிடும், உறக்கம் கலைந்துவிடும். பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சரியாகத் தூங்காத வருடம் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் விழித்துப் பூக்கும். 2015-இல் அதுதான் நடந்தது. மாநிலம் முழுவதும் விளைச்சல் பாதியாகச் சரிந்தது. ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பே இல்லை. அவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். இருபது உடைத்ததில் பதினொன்று காலி. "முழுத் தூக்கம் இல்லாத கல்யாணம், பெஹன் ஜி" என்றார்.

அடுத்த குளிர்காலம் அவர் தோட்டத்துக்குப் போனபோது மரமெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளையாக நின்றது. கயோலின் களிமண்ணைக் கரைத்துத் தெளித்திருந்தார். வெயிலைத் திருப்பியடித்து மொட்டைக் குளிர்ச்சியாக வைக்குமாம். பனி செய்த வேலையைக் காசு கொடுத்துச் செய்கிறேன் என்றார். நீல வானத்தின் கீழே, வெளுத்த மரங்களின் வரிசை. அவருடைய ஊர் ஜலந்தர் பக்கம். அங்கே பனிக்கு 'துந்த்' என்று பெயர், இப்போதும் குளிர்காலத்தில் ரயிலை நிறுத்துகிற அளவுக்கு வருகிறது. "அங்கே வேண்டாதவர்களுக்கு வருகிறது" என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

வானிலை சூடாவதால், வறட்சியால்தான் இப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள ஏற்ற இறக்கத்துக்கு அவை காரணம்தான். ஆனால் 2019-இல் அதே பெர்க்லியிலிருந்து வந்த இன்னொரு ஆராய்ச்சி என்னைக் கொஞ்சம் உட்கார வைத்தது. 1930 முதல் 1970 வரை இங்கே பனி 85 விழுக்காடு கூடியிருக்கிறது. அதன் பிறகு, கடைசி 36 குளிர்காலங்களில் 76 விழுக்காடு குறைந்திருக்கிறது. கூடியது புகையால், குறைந்தது புகை குறைந்ததால். துளி உருவாக ஒரு பற்றுக்கோடு வேண்டும். வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் மாட்டுப்பண்ணை அம்மோனியாவும் சேர்ந்து உண்டாக்குகிற நுண்துகள்கள் அந்தப் பற்றுக்கோட்டைக் கொடுத்துவந்தன. சட்டங்கள் வந்து புகை குறைந்ததும் பனிக்குப் பிடிமானம் போயிற்று. நான் பால்போல் என்றேனே, அந்த வெள்ளையில் பாதி எங்கள் அழுக்கு.

இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. என் மகனுக்கு நான்கு வயதில் ஆஸ்துமா. இந்தப் பள்ளத்தாக்கில் அது அதிசயமல்ல. அவன் வகுப்பில் மேசை மேசையாக இன்ஹேலர் இருந்தது. பனி மூடிய நாட்களில்தான் அவனுக்கு அதிகம் இழுக்கும், ஏனென்றால் அதே மூடியின் கீழேதான் புகையும் அடைபட்டுக் கிடக்கும். காற்று மோசமான இரவுகளில் வீட்டுக் கணப்பில் விறகு எரிக்கக் கூடாது என்று விதி வந்தபோது தெருவில் பலர் முணுமுணுத்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தவள். அதற்கான கூட்டத்தில் எழுந்து, என் உடைந்த ஆங்கிலத்தில், மகன் இரவெல்லாம் உட்கார்ந்தபடி தூங்குவதைச் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன். அவன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு இன்ஹேலரைத் தேடிய நாட்கள் எண்ணிவிடலாம். அப்படியானால் தபால் பெட்டி தெரிந்தால் எனக்கு என்ன நஷ்டம்? அந்தப் பஞ்சாபிப் பெரியவரிடம் ஒருமுறை இந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்போது என் மரம் உன் பையனின் நெஞ்சு நோயிலா தூங்கிக்கொண்டிருந்தது?" என்றார். இருவரும் அதற்குமேல் பேசவில்லை. தேநீர் குடித்தோம்.

மகன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது 2013-14 குளிர்காலம். மழையே இல்லாத வறட்சிக் குளிர்காலம். நனையாத மண்ணில் பனி எங்கிருந்து பிறக்கும்? டிசம்பர், ஜனவரி முழுவதும் வெயிலில் ஓட்டிப் பழகினான். பனியில் எப்படி ஓட்டுவது என்று நான் வாயால் சொன்னதையெல்லாம், தாத்தா காலத்து வெள்ளத்தைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டான். அந்தப் பீங்கான் குமிழ்களும் போகின்றன. 2017-இல் இனிப் புதிதாகப் பதிப்பதில்லை என்று நெடுஞ்சாலைத் துறை முடிவெடுத்தது. தானாக ஓடும் கார்களுக்கு நல்ல தடித்த கோடுதான் வசதியாம்.

சென்ற டிசம்பரில், விடுமுறைக்கு வீட்டுக்கு வர அவன் சான் ஹோசேயிலிருந்து இரவு ஏழு மணிக்குக் கிளம்பினான். இரண்டு நாள் முன்புதான் நல்ல மழை பெய்திருந்தது. ஒன்பது மணிக்கு போன். "அம்மா, லாஸ் பானோஸ் தாண்டியிருக்கிறேன். ஒன்றுமே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தியிருக்கிறேன்."

"விளக்கு எரிகிறதா?"

"எரிகிறது, நான்கு இண்டிகேட்டரும் போட்டிருக்கிறேன்."

எனக்கு வயிற்றில் நெருப்பு. ஓரத்தில் விளக்கோடு நிற்கிற வண்டியைச் சாலையில் ஓடுகிற வண்டி என்று நினைத்து, பின்னால் வருகிறவன் நேரே வந்து ஏறுவான். நான் பால்பண்ணைக்குப் போனதும் அப்படித்தானே? "எல்லா விளக்கையும் அணை. பிரேக்கிலிருந்து காலை எடு, அதுவும் சிவப்பு காட்டும். கண்ணாடியை இறக்கு, இரண்டு பக்கமும். ரேடியோ?"

"பாட்டு ஓடுகிறது."

"அணை. பேசாதே. கேள்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். முதலில் அவன் மூச்சு. அவனுடைய சின்ன வயதில் நான் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்ட மூச்சு, இப்போது இழுப்பில்லாமல். பிறகு அந்தச் சீறல், தூரத்திலிருந்து நெருங்கி, பெரிதாகி, கடந்து, தேய்ந்தது. லாரி. "இப்போது?" என்றான் கிசுகிசுப்பாக. "இன்னொன்று வருகிறதா என்று கேள்." இல்லை. "வலது பக்கம் மண்பாதை ஏதாவது? தோட்டத்துக்குப் போகிற வழி?" இறங்கிப் பார்த்துவிட்டு வந்து இருக்கிறது என்றான். சரளைக்கல் நொறுங்குகிற சத்தத்தோடு வண்டி சாலையை விட்டு உள்ளே போவது எனக்குக் கேட்டது. என்ன மரம் என்றேன். தெரியவில்லை, வரிசையாக இருக்கிறது என்றான். அங்கே எல்லாம் பாதாம்தான்.

"அம்மா, மரம் சொட்டுகிறது," என்றான் கொஞ்சம் கழித்து. "மழை மாதிரி. ஆனால் மழை இல்லை."

போனை மரத்துப் பக்கம் நீட்டச் சொன்னேன். சொட்டு, ஒரு இடைவெளி, இரண்டு சொட்டு. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலருகே நின்று கேட்டேன். என் பக்கம் தபால் பெட்டி நன்றாகத் தெரிந்தது.

பதினொன்றரைக்குக் கொஞ்சம் விலகியதும் கிளம்பினான். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. வண்டியின் இரண்டு கண்ணாடியும் இறக்கியே இருந்தன, இருக்கை நனைந்திருந்தது, தலைமுடியெல்லாம் பொடித்துளி. தோசை மாவை வெளியே எடுத்துவைத்தேன். கைகளை அடுப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டே, "வழியெல்லாம் பாட்டே போடவில்லை அம்மா" என்றான்.